ஃபியூஷன் ஆராய்ச்சிக்குப் போற அரசுப் பணம்: ஈட்டர் பத்தி அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் திருச்சி பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷாப்புல வெல்டிங் இன்ஸ்பெக்ஷன் பாக்கறவன், விஞ்ஞானி கிடையாது. பிரான்ஸ்ல கட்டிக்கிட்டு இருக்கற ஈட்டர் ப்ராஜெக்டை பல வருஷமா விடாம கவனிச்சுட்டு வர்றேன், ஏன்னா அதுல நடக்கற பாதி பிரச்சனை நான் தினமும் பாக்கற வேலையில வர்ற பிரச்சனை. கூட வேலை பாக்கறவங்க, சொந்தக்காரங்க, பசங்களோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச பதிலை இங்க எழுதி வைக்கறேன்.

ஈட்டர்னா என்ன? கூடங்குளம் மாதிரி இன்னொரு அணு உலையா?

இல்லங்க. கூடங்குளத்துல நடக்கறது பிளவு, யுரேனியம் மாதிரி பெரிய அணுக்கரு உடையறப்ப வர்ற சூடு. ஈட்டர்ல செய்யப்போறது இணைவு, அதாவது ஹைட்ரஜனோட ரெண்டு வகை, டியூட்டீரியமும் டிரிட்டியமும் ஒண்ணா சேர்ந்து ஹீலியமா மாறறப்ப வர்ற சூடு, சூரியனுக்குள்ள நடக்கற வேலையோட குடும்பம்னு வச்சுக்கோங்க. அதுக்கு 15 கோடி டிகிரி வெப்பம் வேணும், அந்த சூட்டுல எந்தப் பாத்திரமும் தாங்காது, அதனால அந்த சூட்டுல மின்னூட்டம் ஏறி நிக்கற வாயுவை, அதாவது பிளாஸ்மாவை, காந்தத்தால சுவத்துல படாம வளையம் மாதிரி அந்தரத்துல பிடிச்சு வைக்கறாங்க. அந்த மெஷினுக்குப் பேரு டோக்கமாக், முதல்ல ரஷ்யாக்காரங்க செஞ்சது. ஈட்டர்ங்கறது லத்தீன்ல வழின்னு அர்த்தம். இடம் தெற்கு பிரான்ஸ்ல கடராஷ்.

யார் யார் பணம் போடறாங்க?

ஏழு பங்காளிங்க. ஐரோப்பிய யூனியன், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென் கொரியா, அப்புறம் நம்ம இந்தியா. இடம் ஐரோப்பாவுல இருக்கறதால கட்டற செலவுல கிட்டத்தட்ட 45 சதவீதம் அவங்க, மிச்ச ஆறு பேரும் ஆளுக்கு 9 சதவீதம் சொச்சம். ஓட ஆரம்பிச்சப்புறம் கணக்கு மாறும், ஐரோப்பா 34, ஜப்பானும் அமெரிக்காவும் 13 13, இந்தியா சீனா கொரியா ரஷ்யா 10 10. ஐரோப்பா மட்டும் 2021லேர்ந்து 2027 வரைக்கும் இதுக்குன்னு 560 கோடி யூரோ ஒதுக்கியிருக்கு.

9 சதவீதம் போடற நாட்டுக்கு ஆராய்ச்சி முடிவு 9 சதவீதம் தான் கிடைக்கும்னு சிலர் நினைக்கறாங்க. அப்படி இல்ல, அங்க வர்ற டேட்டா எல்லா பங்காளிக்கும் முழுசா கிடைக்கும். நான் இந்தியா இதுல இருக்கணும்னு சொல்றதுக்கு முதல் காரணமே இதுதான்.

அப்ப வருஷா வருஷம் நம்ம பணத்தை பிரான்ஸுக்கு அனுப்பிடறாங்களா?

கொஞ்சம் ரொக்கமா போகுது, ஆனா பங்குல சுமார் 90 சதவீதம் பொருளா போகுது. நம்ம ஊர் கோயில் திருப்பணியில பாத்திருப்பீங்க, எல்லார்கிட்டயும் காசா வாங்காம ஒரு குடும்பம் கதவு, ஒரு குடும்பம் மணி, ஒருத்தர் தரைக்கு கிரானைட்னு உபயமா செஞ்சு குடுப்பாங்க இல்லையா, அதே முறைதான். அமெரிக்கா நடுவுல நிக்கற பெரிய சோலனாய்டு காந்தத்தை சான் டியாகோ பக்கத்துல செஞ்சுச்சு, ஜப்பானும் ஐரோப்பாவும் 'டி' எழுத்து மாதிரி இருக்கற பெரிய காயில்களை செஞ்சாங்க, கொரியாவும் ஐரோப்பாவும் பிளாஸ்மா இருக்கப்போற காத்தில்லாத பாத்திரமான வாக்குவம் வெசலோட துண்டுகளை பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க, இந்தியா எல்லாத்தையும் மூடற கிரையோஸ்டாட்.

இதுல ஒரு நல்லது, வரிப்பணம் அந்தந்த நாட்டுத் தொழிற்சாலையில, அந்த நாட்டு வெல்டர், இன்ஜினியர் கையில தான் செலவாகுது, அவங்க கத்துக்கிட்டது அவங்க கூடவே இருக்கும். இந்தக் காந்தங்களுக்கு வேண்டிய நயோபியம் டின் சூப்பர் கண்டக்டர் கம்பியை எடுத்துக்கோங்க, இதுக்கு முன்னாடி உலகம் முழுக்க வருஷத்துக்கு ஒரு 15 டன் தான் செஞ்சாங்க, ஈட்டருக்காக அது 100 டன்னுக்கு ஏறிச்சு, ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல இழுத்தாங்க, அதுவும் ஒரே நாட்டுல இல்ல, பல நாட்டுல. பணமா குடுத்து ஒரே கம்பெனிகிட்ட வாங்கியிருந்தா அந்த அறிவு ஒரே இடத்துல தேங்கியிருக்கும்.

கெட்டது என்னன்னா, ஏழு வீட்டுல செஞ்ச கதவும் நிலையும் ஒரே இடத்துல வந்து மில்லிமீட்டர் கணக்குல பொருந்தணும். தாமதத்துல பெரும்பங்கு இங்கேர்ந்து தான் வந்துச்சு, கீழ அதைப் பத்தி நிறைய சொல்றேன்.

மொத்தம் எவ்வளவு தான் செலவு? ஆளுக்கு ஒரு நம்பர் சொல்றாங்களே?

இந்தக் கேள்விக்கு கோவம் வர்றது நியாயம். 2006ல ஒப்பந்தம் போட்டப்ப கட்டற செலவு சுமார் 500 கோடி யூரோன்னு பேச்சு. அப்புறம் 2,000 கோடி யூரோவைத் தாண்டிடுச்சு. 2018ல அமெரிக்க எரிசக்தித் துறை இதுக்கு 6,500 கோடி டாலர் ஆகும்னு சொல்லுச்சு, ஈட்டர் தரப்பு இல்ல 2,200 கோடி தான்னு மறுத்துச்சு. மூணு மடங்கு வித்தியாசம், ரெண்டு பேரும் பொய் சொல்லல.

காரணம் அந்த உபய முறை தான். ஒவ்வொரு பொருளுக்கும் ஆரம்பத்துலயே ஒரு மதிப்பு போட்டாங்க, அதுவும் எந்த நாட்டுப் பணத்துலயும் இல்லாம 1989 ஜனவரி டாலரை அடிப்படையா வச்சு ஒரு தனி அலகுல. நான் இந்தப் பொருளை குடுத்துட்டா என் கணக்குல இத்தனை அலகு ஏறும், அதைச் செய்ய எனக்கு நிஜமா எவ்வளவு ஆச்சுங்கறதை நான் யாருக்கும் காட்ட வேண்டியதில்ல. அதே எடையுள்ள ஸ்டீல் வேலைக்கு சீனாவுல ஒரு கூலி, அமெரிக்காவுல ஒரு கூலி, கொரியாவுல ஒரு கூலி. அதனால எல்லா நாட்டு செலவையும் கூட்டி ஒரு நம்பர் போடணும்னா யாரோட விலையில போடறதுங்கற கேள்வி வந்துடும், அமெரிக்கா தன்னோட செலவை வச்சு எல்லாருக்கும் பெருக்கினா 6,500 வரும், ஐரோப்பா விலையில போட்டா கம்மியா வரும்.

2024 ஜூலையில ஈட்டரோட தலைவர் பியட்ரோ பராபாஸ்கி புதுத் திட்டத்தை வெளியிட்டப்ப இன்னும் 500 கோடி யூரோ கூடுதலா ஆகும்னு சொன்னாரு. அதாவது முதல்ல மொத்த செலவுன்னு சொன்ன தொகை இப்ப கூடுதல் செலவா மட்டுமே வந்து நிக்குது. இதை மறைச்சுட்டு ஃபியூஷனுக்கு ஆதரவு கேக்கறது எனக்குப் பிடிக்காது.

ஏன் இவ்வளவு லேட்?

2016 திட்டப்படி 2025ல முதல் பிளாஸ்மா வந்திருக்கணும், டிரிட்டியம் போட்டு ஓட்டறது 2035. இப்ப 2034ல ஆராய்ச்சி ஆரம்பம், டிரிட்டியம் 2039. கொரோனாவும் ஒரு காரணம் தான், ஆனா அதை மட்டும் சொன்னா முழு உண்மை ஆகாது.

முதல்ல நிர்வாகம். ஏழு நாட்டு ஏஜென்சியும் தனித்தனி, மையத்துல இருக்கறவருக்கு யாரையும் அதட்ட அதிகாரம் இல்ல. 2013ல வில்லியம் மாடியா தலைமையில வெளியாளுங்க வந்து ஆராய்ஞ்சு ரொம்பக் கடுமையா ஒரு அறிக்கை குடுத்தாங்க, அதுக்கப்புறம் 2015ல பெர்னார் பிகோ தலைவரா வந்து நிறைய மாத்துனாரு, கட்டுமானம் உண்மையிலேயே வேகம் பிடிச்சது அவர் காலத்துல தான். 2022 மே மாசம் பதவியில இருக்கறப்பவே இறந்துட்டாரு.

ரெண்டாவது விஷயம் எனக்கு நெருக்கமானது, வெல்டிங். வாக்குவம் வெசல் ஒன்பது செக்டரா வருது, ஆரஞ்சு சுளை மாதிரி, ஒவ்வொண்ணும் 440 டன். ஒன்பதையும் மெஷின் நிக்கப்போற குழிக்குள்ள இறக்கி பக்கத்துல பக்கத்துல நிறுத்தி வெல்ட் பண்ணணும். முதல்ல வந்த செக்டர்கள்ல ஜாயிண்ட் வர்ற ஓரம் டிராயிங்ல இருக்கற அளவுக்கு இல்ல, சில மில்லிமீட்டர் அங்கயும் இங்கயும் விலகி இருந்துச்சு.

இந்த சில மில்லிமீட்டரைப் படிச்சுட்டு ஒருத்தர் என்கிட்ட இதெல்லாம் ஒரு பிரச்சனையான்னு கேட்டாரு. நம்ம ஷாப்புல ஒரு 40 எம்எம் பிளேட்டை ஓரத்தை சாய்வா சீவி, அங்கங்க புள்ளி வெல்ட் வச்சு பிடிச்சு, அடியில முதல் வெல்ட் போடறப்பவே பாருங்க, ஆறறப்ப பிளேட் வெல்ட் பக்கமா இழுத்துக்கும், ஒரு பக்கமே தொடர்ந்து போட்டா மறுநாள் காலையில வாழை இலை சுருண்ட மாதிரி நிக்கும், அதனால தான் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி போடுவோம், ஸ்ட்ராங்பேக்னு தடிமனான இரும்புப் பட்டை வச்சு பிடிப்போம். கேப் ஒரு இடத்துல 3 எம்எம், இன்னொரு இடத்துல 8 எம்எம்னு இருந்தா ரோபோ வெல்டர் அதைத் தொடவே தொடாது, மனுஷ வெல்டர் தான் சமாளிக்கணும். இது ஒரு சாதாரண டேங்குக்கே. அங்க ரெட்டைச் சுவர் வெசல், ரேடியோ ஆக்டிவா மாறப்போற இடம், ஒரு தடவை மூடி ஓட ஆரம்பிச்சா ஆள் உள்ள போய் ரிப்பேர் பண்ண முடியாது. அதனால ஓரத்துல மெட்டல் ஏத்தி, மெஷினிங் பண்ணி அளவுக்குக் கொண்டு வந்தாங்க. 2022 தொடக்கத்துல பிரான்ஸ் அணு பாதுகாப்பு அமைப்பு அசெம்பிளியையே நிறுத்தி வச்சிருந்துச்சு.

அதே சமயம் இன்னொண்ணு. காந்தம் மைனஸ் 269 டிகிரியில இருக்கும், அதை சூட்டுலேர்ந்து காக்கறதுக்கு வெள்ளி முலாம் பூசுன தெர்மல் ஷீல்டு, அது மேல மொத்தம் 23 கிலோமீட்டர் கூலிங் பைப். ஹீலியம் விட்டு லீக் டெஸ்ட் பண்றப்ப ஒழுகல் தெரிஞ்சுது, நோண்டிப் பாத்தா வெல்ட் பக்கத்துல 2 எம்எம்முக்கு மேல ஆழமா கிராக். காரணம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல விரிசல் விட வைக்கற குளோரைடு, முலாம் பூசறதுக்கு முன்னாடி செஞ்ச கெமிக்கல் வேலையில சந்துல தங்கிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை பாக்கறவங்களுக்கு இது வயித்தைக் கலக்கற வார்த்தை, எங்க ஷாப்புல எஸ்எஸ் வெசல்ல தண்ணி நிரப்பி அழுத்தம் ஏத்தி ஹைட்ரோ டெஸ்ட் பண்ணணும்னா தண்ணியில குளோரைடு எத்தனை பிபிஎம்னு ரிப்போர்ட் வந்தப்புறம் தான் வால்வையே திறப்போம், மேல எழுதற மார்க்கர் பேனா கூட குளோரைடு இல்லாத வகை தான். அப்படியும் தப்பு நடக்கும். நானே ஒருதடவை ஒரு வேலையில அவசரத்துல அந்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காம விட்டுட்டாங்கன்னு தெரிஞ்சு, திரும்ப எல்லா வெல்டையும் பெனட்ரண்ட் டெஸ்ட், அதாவது சாயம் பூசி கிராக் தேடற சோதனை, பண்ண வச்சேன், மூணு வாரம் போச்சு, எல்லாரும் என்னைத் திட்டுனாங்க.

அங்க 2022 மே மாசம் குழிக்குள்ள இறக்கி வச்சிருந்த முதல் மாட்யூலை, அதாவது செக்டர், ஷீல்டு, காயில் எல்லாம் சேர்ந்த அவ்வளவு பெரிசை, 2023ல திரும்ப வெளிய தூக்கிட்டாங்க. வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்கு அது அவமானமா தெரிஞ்சிருக்கும், எனக்கு அன்னைக்கு தான் இவங்க மேல நம்பிக்கை வந்துச்சு. கிராக் இருக்கற பைப்பை உள்ள வச்சு மூடிட்டு தேதியைக் காப்பாத்தறவங்க கையில நம்ம பணத்தைக் குடுக்கறதைவிட, நாலு வருஷம் லேட்டானாலும் தூக்கி எடுத்து சரி பண்றவங்ககிட்ட குடுக்கலாம். ரிப்பேருக்கு அப்புறம் முதல் மாட்யூல், தூக்கி எடுத்தது இல்ல, வேற ஒண்ணு, 2025 ஏப்ரல்ல குழிக்குள்ள இறங்குச்சு.

இந்தியா என்ன செஞ்சு குடுக்குது?

2005 டிசம்பர்ல சேந்தோம். காந்திநகர் பக்கத்துல இருக்கற பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் தான் பொறுப்பு, அணுசக்தித் துறைக்குக் கீழ வருது. அங்க 1989லயே ஆதித்யான்னு சொந்தமா ஒரு டோக்கமாக் ஓட்டுனவங்க, அதனால நாம வெறுங்கையோட போகல.

பெரிய பொருள் கிரையோஸ்டாட். கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரம், 30 மீட்டர் அகலம், 3,850 டன் எடையுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டப்பா. குஜராத்ல ஹசீராவுல எல் அண்ட் டி ஷாப்புல 54 துண்டா செஞ்சு கப்பல்ல அனுப்புனாங்க, பிரான்ஸ் துறைமுகத்துலேர்ந்து சைட்டுக்கு 104 கிலோமீட்டர், இதுக்காகவே ரோட்டை அகலப்படுத்தி பாலத்தை பலப்படுத்தி வச்சிருக்காங்க, பெரிய துண்டெல்லாம் ராத்திரியில நடை வேகத்துல தான் போகும். அங்க சைட்லயே ஒரு ஷெட் போட்டு துண்டுகளை ஒண்ணா வெல்ட் பண்ணுனாங்க. 1,250 டன் அடிப்பகுதி 2020 மே கடைசியில குழிக்குள்ள இறங்குச்சு, ஈட்டர்லயே முதல்ல இறங்குன பெரிய பாகம் நம்மளுது. அந்த வீடியோவை லாக்டவுன்ல வீட்டுல உக்காந்து பாத்தேன், கிரேன் மெதுவா இறக்க இறக்க என் பொண்ணு எதுக்குப்பா அழறேன்னு கேட்டா. அந்த அளவு பெரிய வட்டத்தைச் சுத்தி போடற வெல்டை கோணாம கொண்டு வர்றதுன்னா என்னன்னு அவளுக்கு எப்படிச் சொல்றது.

கூலிங் வாட்டர் சிஸ்டம், குளிர் ஹீலியம் போற கிரையோலைன், வெசல் ரெட்டைச் சுவருக்கு நடுவுல அடுக்கற கவசக் கட்டிகள், பிளாஸ்மாவை சூடாக்கற சில கருவிகளுக்கு பவர் சப்ளை, இதெல்லாமும் நம்ம பங்குல வருது. 2025 பிப்ரவரியில பிரதமர் மோடி பிரான்ஸ் அதிபர் மக்ரோனோட சேர்ந்து அந்த சைட்டுக்குப் போயிட்டு வந்தாரு.

ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போடற நாடுங்க எப்படி இதுல மட்டும் ஒண்ணா இருக்காங்க?

ஆரம்பமே அப்படித்தான். 1985 நவம்பர்ல ஜெனீவாவுல ரீகனும் கோர்பச்சேவும் சந்திச்சப்ப பொறந்த யோசனை. இடம் பிரான்ஸா ஜப்பான்ல ரொக்காஷோவான்னு பெரிய இழுபறி நடந்து 2005 ஜூன்ல மாஸ்கோவுல வச்சு தான் முடிவாச்சு. உக்ரைன் போர் நடந்துட்டு இருக்கறப்பவே 2022 நவம்பர்ல ரஷ்யா தன் பங்கான 9 மீட்டர் அகலக் காந்த வளையத்தை செயின்ட் பீட்டர்ஸ்பர்க்லேர்ந்து கப்பல் ஏத்தி அனுப்புச்சு. பணமா குடுக்கற ஏற்பாடா இருந்திருந்தா பேங்க் தடையிலயே எல்லாம் நின்னுருக்கும்னு நான் நினைக்கறேன். ஆளுக்கு ஒரு பாகம்ங்கறதால யாரும் யாரையும் சுலபமா கழட்டி விட முடியல.

ஒரு நாடு பாதியில விலகிட்டா?

நடந்திருக்கு. அமெரிக்கா 90கள் கடைசியில விலகிட்டு 2003ல திரும்ப வந்துச்சு. 2008 பட்ஜெட்ல அவங்க அரசு 16 கோடி டாலர் கேட்டுச்சு, காங்கிரஸ் சுமார் 1 கோடி தான் குடுத்துச்சு. ஃபேக்டரியில ஆளு எடுத்து, மெட்டீரியல் ஆர்டர் போட்டு உக்காந்திருக்கறப்ப இப்படி ஒரு வருஷம் குழாயை மூடுனா அடுத்த வருஷம் ரெண்டு மடங்கு திறந்தாலும் அந்த ஆளுங்க திரும்பி வர மாட்டாங்க, இது எந்த கான்ட்ராக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க. ஒப்பந்தப்படி முதல் பத்து வருஷம் யாரும் விலக முடியாது, அதுக்கப்புறம் விலகுனாலும் கட்டற செலவுல ஒத்துக்கிட்ட பங்கை குடுத்தே ஆகணும், இடம் குடுத்த ஐரோப்பா விலகவே முடியாது. பிரிட்டன் பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் வெளிய வந்து, 2023ல இனி ஐரோப்பா மூலமா சேரப்போறதில்லன்னு முடிவு பண்ணி சொந்தத் திட்டத்துக்கு பணம் போடுது.

ஈட்டர்லேர்ந்து கரண்ட் வருமா?

வராது. அது ஆராய்ச்சி மெஷின், டர்பைனே கிடையாது. 50 மெகாவாட் சூட்டை பிளாஸ்மாவுக்குள்ள குடுத்து 500 மெகாவாட் இணைவு சக்தி எடுக்கணும், அதுவும் சில நிமிஷம் தொடர்ச்சியா, அதுதான் குறி. கவனிங்க, அந்த 50 பிளாஸ்மாவுக்குள்ள போறது மட்டும், மொத்த சைட்டும் ஓட அதைவிட நிறைய கரண்ட் வேணும். பத்து மடங்கு கரண்ட் வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

2022ல அமெரிக்காவுல ஃபியூஷன் ஜெயிச்சிடுச்சுன்னு நியூஸ் வந்துச்சே?

அது கலிஃபோர்னியாவுல லிவர்மோர் அரசு லேப்ல லேசர் வச்சு செய்யற வேற வழி. டிசம்பர் 5ஆம் தேதி 2.05 மெகாஜூல் லேசர் உள்ள போய் 3.15 வெளிய வந்துச்சு, பெரிய சாதனை தான். ஆனா அந்த லேசரை ஓட்டவே சுவர் பிளக்லேர்ந்து சுமார் 300 மெகாஜூல் எடுத்துச்சு. அந்தக் கூடத்துக்குப் பணம் வர்றதும் அணு ஆயுத பராமரிப்புத் திட்டத்துலேர்ந்து.

டோக்கமாக் பக்கம் இங்கிலாந்துல ஜெட்னு ஒரு மெஷின், 2023 அக்டோபர்ல 0.2 மில்லிகிராம் எரிபொருள்ல 69 மெகாஜூல் குடுத்துச்சு, நம்ம கணக்குல 19 யூனிட். ஒரு உப்புக் கல்லைவிட லேசான அளவுலேர்ந்து ஒரு வீட்டுக்கு ரெண்டு மூணு நாளைக்கு வேண்டிய கரண்ட் அளவு. அதுக்கு உள்ள போட்டது அதைவிட அதிகம்ங்கறதையும் சேத்தே சொல்லணும். அந்த டிசம்பரோட 40 வருஷ வேலையை முடிச்சு ஜெட்டை நிறுத்திட்டாங்க.

பிரைவேட் கம்பெனிங்க பத்து வருஷத்துல முடிக்கறோம்னு சொல்றாங்களே, அரசு ஏன் செலவு பண்ணணும்?

செய்யட்டும், சந்தோஷம். உலக அளவுல 700 கோடி டாலருக்கு மேல பிரைவேட் பணம் வந்திருக்கு, அமெரிக்காவுல காமன்வெல்த் ஃபியூஷன் புது வகை காந்தம் வச்சு சின்ன டோக்கமாக் கட்டுது. ஆனா அவங்க நிக்கற தரை அரசுப் பணத்துல போட்டது. பிளாஸ்மா எப்படி நடந்துக்கும்ங்கற கணக்கு, வெசலுக்கு எந்த ஸ்டீல், டிரிட்டியத்தை எப்படிக் கையாள்றது, இதெல்லாம் பல நாட்டு அரசு லேப்ல அம்பது அறுபது வருஷம் செஞ்சு எல்லாரும் படிக்கற மாதிரி வெளியிட்டது. கம்பெனி தன் தோல்வியை வெளிய சொல்லணும்னு கட்டாயம் இல்ல. அந்த தெர்மல் ஷீல்டு கிராக் கதை எனக்கு எப்படித் தெரியும்? ஈட்டர் அரசுப் பணத்துல ஓடறதால வெளிய சொல்லியே ஆகணும், அதனால தான் திருச்சியில இருக்கற நான் படிச்சேன்.

அந்தக் காசை சோலாருக்குப் போடலாமே?

சோலாருக்கும் காத்தாலைக்கும் போடணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. அடுத்த இருபது வருஷ கரண்ட் அங்கேர்ந்து தான் வரணும், 2039ல தான் முழு சோதனை ஆரம்பிக்கற ஒண்ணு இன்னைக்கு சூடாகிட்டு இருக்கற பூமிக்கு மருந்து ஆகாது. ஃபியூஷன் வந்துடும்னு சொல்லி யாராவது சோலாரைத் தள்ளிப்போட்டா அவங்களை நான் எதிர்ப்பேன். ஆனா ரெண்டும் ஒரே பாக்கெட்டுலேர்ந்து வர்ற காசு இல்ல. சோலார் இன்னைக்கு லாபம் தர்ற தொழில், பேங்க் கடன் குடுக்கும். முப்பது வருஷம் கழிச்சு பலன் தர்றதுக்கு எந்த பேங்கும் குடுக்காது, அரசு மட்டும் தான் குடுக்க முடியும்.

வரி கட்டறவங்க என்ன கேக்கணும்?

வேணுமா வேண்டாமாங்கறதோட நிறுத்திடாதீங்க. மத்திய பட்ஜெட்ல அணுசக்தித் துறையோட மானியக் கோரிக்கையில ஈட்டருக்கு எவ்வளவுன்னு பாருங்க, கேட்டது எவ்வளவு, நிஜமா செலவானது எவ்வளவுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, உங்க எம்.பி.கிட்ட கேளுங்க. கிரையோஸ்டாட் பண்ணுன வெல்டர்களும் இன்ஜினியர்களும் இப்ப எங்க இருக்காங்க, அவங்க கையில இருக்கற வேலையை அடுத்து எங்க பயன்படுத்தப்போறோம்னும் கேளுங்க. இந்தியா சொந்தமா ஒரு ஃபியூஷன் மெஷின் கட்டணும்னா அந்தக் கைங்க வேணும், பத்து வருஷம் சும்மா விட்டா அந்தக் கை மறந்துடும்.

அடுத்து எதைக் கவனிக்கணும்?

ஒன்பது செக்டரும் குழிக்குள்ள வளையமா நிக்கற நாளை. அதுக்கப்புறம் அதுங்களை ஒண்ணோட ஒண்ணு சேக்கற வெல்டிங் ஆரம்பிக்கும், ஒரே நேரத்துல எதிரெதிர் பக்கமா ரன் போட்டு இழுவையை சமன் பண்ணிக்கிட்டே போகணும், முழு வெசலும் எவ்வளவு நகருதுன்னு லேசர் வச்சு அளந்துக்கிட்டே இருக்கணும். அந்த வெல்ட் ரிப்போர்ட் வெளிய வந்தா முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டு இங்க எழுதறேன்.